எங்கட ஆக்களுக்கு மட்டும் ஷொப்பிங் பாக்

மார்க்கம் ரோட்டில், வோபர்ன் பக்கம் இருக்கும் அந்தத் தமிழ்ப் பலசரக்குக் கடையில் குணவதி பதினெட்டு வருடம் காஷில், காசு வாங்குகிற இடத்தில், நின்றாள். கணவர் செத்த வருடம் ஐந்து நாள் லீவு எடுத்தாள். முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்தபோது ஆறு கிழமை. மற்றப்படி, பனிப்புயலில் பஸ் ஓடாத நாளில்கூட நடந்து போய்க் கடை திறக்க முன்னம் வாசலில் நின்றவள்.

அவளுடைய கை வேகம் கடைக்கு வரும் சனத்துக்கு நன்றாகத் தெரியும். இடது கை மரக்கறியைத் தராசில் வைக்கும்போதே வலது கை கம்பியில் இருந்து ஒரு ஷொப்பிங் பாக்கை உருவி, ஒரே உதறில் வாயைத் திறந்துவிடும். பாரமானது அடியில், முட்டை மேலே, மீன் தனியாக. வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

பிளாஸ்ரிக் பாக்கைத் தடுக்கிற சட்டம் வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை போய்விட்டது. வாய்க்கு வேலை வந்தது. மத்திய அரசின் சட்டம் ஒன்று, நகரசபைச் சட்டம் ஒன்று என்று இரண்டு இருப்பதாக மகள் தனுஷிகா விளங்கப்படுத்தினாள். குணவதிக்கு இரண்டும் ஒன்றுதான். பிளாஸ்ரிக் பாக் கொடுக்கக் கூடாது, துணிப் பையை விற்கலாம். இதை ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குச் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. அவளுடைய அப்பாட்மென்ருக்குப் பின்னால் ஓடுகிற ஓடைக்கரையில், பனி உருகும் மாதங்களில், கிளைக்குக் கிளை பாக் கிழிந்து தொங்குவதைப் பார்த்தவள் அவள். நிற்பாட்டினால் நல்லதுதான் என்று நினைத்தாள். கோபம் சனத்தின் மேல் வந்தது.

"என்ன பகிடியே? இவ்வளவு சாமான் வாங்கிறன், ஒரு பாக் தரமாட்டியளே?"

"உங்கட முதலாளிக்கு இது நல்ல பிசினஸ் என்ன?"

"அப்ப நான் இந்த மீனைத் தலையில வைச்சுக் கொண்டு போறதோ?"

ஒருவர் கறிவேப்பிலைக் கட்டை அவளுடைய முகத்துக்கு நேரே எறிந்துவிட்டுப் போனார். சில பெண்கள் மரக்கறிப் பக்கம் போய், தக்காளி போடுகிற மெல்லிய பாக்குகளை உருளையோடு இழுத்து வந்து, அதற்குள் அரிசி மாவையும் தேங்காயையும் திணித்துவிட்டு, கிழிந்ததும் அவளைத் திட்டினார்கள். சட்டம் போட்ட எவரையும் அவர்களுக்குத் தெரியாது. குணவதியைத் தெரியும். பத்து வருடமாகத் தன்னை "அன்ரி" என்று கூப்பிட்ட வாய்கள் ஒரு பிளாஸ்ரிக் பாக்குக்காக இப்படித் திறக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

முதலாளி இராஜரட்ணத்திடம் போய்க் கேட்டாள். "அண்ணை, வாசலில ஒரு நோட்டிஸ் போடுங்கோ. பாக் இல்லை, இது சட்டம், காஷில நிக்கிறவையோட கத்தாதையுங்கோ எண்டு."

"நோட்டிஸ் போட்டா சனம் அடுத்த கடைக்குப் போயிடும். நீர் சிரிச்சுக் கொண்டு சொல்லும், கேப்பினம்."

சிரித்துக்கொண்டு சொன்னாள். சனம் கேட்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை, கடையின் பின்னறையில் பதினாறு பெட்டிகள் இருந்தன. மூடிய கடை ஒன்றில் மிஞ்சிய ஷொப்பிங் பாக்குகளை இராஜரட்ணம் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கி, மேலே ஒரு நீலத் தறப்பாளை இழுத்து மூடினார். ஒரு பெட்டியைக் குணவதியின் காஷுக்குக் கீழே தள்ளினார்.

"எல்லாருக்கும் குடுக்கிறேல்லை. எங்கட ஆக்களுக்கு மட்டும்."

"எங்கட ஆக்கள் எண்டா ஆர் அண்ணை? வாறதெல்லாம் தமிழ்ச் சனம்தானே."

"பெரிய சாமான் எடுக்கிற ஆக்கள். கலியாண ஹோல்காரர், சாப்பாட்டுக் கேற்றரிங்காரர். உமக்குத் தெரியாதே? முகத்தைப் பாத்துக் குடும்."

முகத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் அன்றிலிருந்து அவளுடைய வேலை. வரிசையில் வருகிறவரை ஏறிட்டுப் பார்த்து, இவருக்கு உண்டு, இவருக்கு இல்லை என்று ஒரு நொடியில் தீர்க்க வேண்டும். இல்லை என்று சொல்லும்போது கால் பெட்டியில் முட்டும்.

டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமைப் பின்நேரம். புதிதாக நாட்டுக்கு வந்த ஒரு பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் வந்தாள். பஸ்ஸில் வந்தவள் என்று பிள்ளைகளின் நனைந்த சப்பாத்தைப் பார்த்தாலே தெரியும். அரிசி, பருப்பு, தக்காளி, ஒரு பால் பெட்டி.

"அக்கா, ஒரு பாக் தருவியளே? சட்டம் தெரியாமல் வெறுங்கையோட வந்திட்டன்."

"பாக் இல்லையம்மா. துணிப் பை வாங்கலாம்."

அந்தப் பெண் கையில் இருந்த காசைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். சாமான்களை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அடுத்ததாக ராகுலன் நின்றான். மார்க்கம் பக்கம் வீடு வாங்கி விற்கிறவன். வெளியே அவனுடைய கார் எஞ்சின் ஓடியபடியே நின்றது. கடை உள்பக்கம் இருந்து இராஜரட்ணம் கையைக் காட்டினார். குணவதி குனிந்து, பெட்டிக்குள் கையை விட்டு, நான்கு பாக்குகளை எடுத்து உதறினாள்.

அந்தப் பெண் இன்னும் போயிருக்கவில்லை. சாமானை ஒரு கையால் அணைத்தபடி மற்றக் கையால் சின்னவனுக்குக் கையுறையை இழுத்து மாட்டிவிட்டுக்கொண்டு நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இல்லையெண்டனீங்கள்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே போய்விட்டாள். குணவதி ராகுலனுடைய சாமானை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பாக்கை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கார் நிறுத்துமிடத்தில், மெல்லிய பாக் கிழிந்து, சேறும் பனியுமான தண்ணிக்குள் தக்காளி உருண்டு கிடந்தது. மூத்த பிள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குணவதி பாக்கை நீட்டினாள். தாய் அதை வாங்கவில்லை. பிள்ளையின் தொப்பியைக் கழற்றி, அதற்குள் தக்காளியைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.

உள்ளே வந்ததும் இராஜரட்ணம் கேட்டார். "காஷை விட்டிட்டு எங்க போனனீர்?"

"அண்ணை, குடுக்கிறதெண்டால் எல்லாருக்கும் குடுப்பம். இல்லையெண்டால் ஒருத்தருக்கும் வேண்டாம். என்னால உப்பிடி ஆள் பாத்துக் குடுக்க ஏலாது."

"நீர் காஷைப் பாரும். கடையை நான் பாக்கிறன்."

அதற்குப் பிறகும் அவள் இரண்டு மாதம் ஆள் பார்த்துத்தான் கொடுத்தாள். அந்த இரண்டு மாதத்தை அவள் எவருக்கும் மறைப்பதில்லை. வேலை போய்விடும் என்று பயந்தாள். பயந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வீட்டில் சட்டி பானை எல்லாம் சத்தத்தோடு வைக்கப்பட்டன. தனுஷிகா, "அம்மா, ஆர் யூ ஓகே? ஏன் எல்லாத்தையும் அடிச்சு வைக்கிறீங்கள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்குள் வந்தாள். யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள்; வந்தவள் இன்ஸ்பெக்டர். காஷுக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். பெட்டி அங்கேயே இருந்தது. அரைவாசி முடிந்திருந்தது.

இராஜரட்ணம் உள்ளிருந்து ஓடிவந்தார். வரும்போதே முகத்தை மாற்றிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் மளமளவென்று கதைத்தார். குணவதி பக்கத்திலேயே, இரண்டடி தள்ளி நின்றாள்.

இது தன்னுடைய வேலை இல்லை என்றார். இந்த மனுஷி தன் வீட்டில் சேர்த்து வைத்த பாக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றார். வயது போனவள், படிப்பில்லை, சட்டம் விளங்காது, நானும் தினம் தினம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்லிவிட்டு, குணவதி பக்கம் திரும்பித் தமிழில், "ஒண்டும் பிரச்சினையில்லை, நீர் பேசாமல் நில்லும்," என்றார்.

குணவதி ஊரில் ஏ லெவல் படித்துக் கணக்கியலில் திறமைச் சித்தி எடுத்தவள். அது இராஜரட்ணத்துக்குத் தெரியும். வேலைக்கு எடுக்கும்போது அந்தப் பத்திரத்தைப் பார்த்தவரே அவர்தான். அடுத்த காஷில் நின்ற ஷரோன், அவளோடு ஏழு வருடம் சேர்ந்து வேலை செய்தவள், ஸ்கானரைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள்.

  குணவதி ஏப்ரனைக் கழற்றிக் காஷின் மேல் வைத்தாள்.

"கம்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "ஐ ஷோ யூ."

"குணவதி, எங்க போறீர்? நில்லும்."

அவள் நிற்கவில்லை. மரக்கறியைத் தாண்டி, மீனைத் தாண்டி, பின்னறைக் கதவைத் தோளால் தள்ளினாள். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நீலத் தறப்பாளைப் பிடித்து ஒரே இழுவையில் இழுத்தாள். பதினொரு பெட்டிகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த மூடிய கடையின் பெயரும் முகவரியும் ஒட்டியிருந்தன.

"திஸ் மை ஹவுஸ்?" என்று கேட்டாள். "மை ஹவுஸ் திஸ் பிக்?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. படம் எடுத்தாள். எழுதிக்கொண்டாள். கடைக்கு என்ன தண்டனை வந்தது என்று குணவதிக்கு இன்றுவரை தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

அவளை எவரும் வேலையால் நிற்பாட்டவில்லை. அடுத்த கிழமை ஷெடியூலில் அவளுடைய பெயர் இல்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஃபோன் எடுத்தால் வியாபாரம் குறைவு என்றார்கள். மூன்றாம் கிழமை கடையின் வட்ஸ்அப் குழுவில் இருந்தும் அவளை எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு சொல் சுற்றத் தொடங்கியது. மருந்துக்கடை வரிசையில் நின்றபோதுதான் அதை முதலில் கேட்டாள். முன்னால் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி, இவள் நிற்பது தெரியாமல், மற்றவளுக்குச் சொன்னாள்.

"அந்தக் காஷில நிண்ட மனுஷிதான் காட்டிக் குடுத்தது. சோறு போட்டவனையே வெள்ளைக்காரிக்குக் காட்டிக் குடுத்திருக்கிறாள்."

காட்டிக் கொடுத்தவள். ஊரில் சண்டை நடந்து, அந்தச் சொல்லுக்காகச் சந்தியில் ஆட்கள் செத்துக் கிடந்த காலத்தில் குணவதி பள்ளிக்கூடம் போனவள். சைக்கிளில் போகும்போது தலையைத் திருப்பாதே என்று தாய் சொல்லி அனுப்பிய நாட்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு சொல்லை, பிளாஸ்ரிக் பாக் பெட்டிக்காக, மருந்துக்கு வரிசையில் நின்றுகொண்டு, சும்மா வாயில் போட்டு மெல்லுகிறார்கள்.

"தங்கச்சி," என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் திரும்பி, ஆளை அடையாளம் கண்டு வெளிறிப்போனாள். "ஆரை ஆரிட்டக் காட்டிக் குடுத்தனான்? சொல்லும். அவர் பழியை என்ர தலையில போட்டார். நான் பெட்டியைக் காட்டினன். அந்தச் சொல்லின்ர பாரம் தெரியாட்டில், வாயில எடுக்காதையும்."

"இல்லை அன்ரி, சனம் கதைச்சதைத்தான்..."

"ஓம், சனம் கதைக்கும். பாக் கேட்டு என்னட்டக் கத்தின சனம்தானே."

மருந்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு நடந்து வந்து சேரும்வரை அவளுடைய காது சூடாகவே இருந்தது.

அன்று பின்னேரம் தனுஷிகா சொன்னாள். "அம்மா, ஜஸ்ட் லெட் இட் கோ. அந்த ஆளுக்காக ஏன் உங்கட உடம்பைக் கெடுக்கிறீங்கள்?"

"விடுறன் எண்டு சொல்ல எனக்கு விருப்பமில்லை, பிள்ளை. பதினெட்டு வருசமா எல்லாத்தையும் விட்டுத்தான் வந்தனான்."

சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது இராஜரட்ணமே ஃபோன் எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

"குணவதி, எப்பிடி இருக்கிறீர்? இஞ்ச வருசத்துக்குச் சனம் அள்ளுப்படப் போகுது. ஷரோனுக்கு ஒண்டும் ஓடுதில்லை. நாளைக்கே வாரும். பழசை விடுவம்."

"வாறன் அண்ணை. ஆனா ஒரு விசயம். அண்டைக்கு இங்கிலீசில சொன்னதை நீங்கள் தமிழில சொல்லவேணும்."

"என்ன சொன்னனான்?"

"எனக்குப் படிப்பில்லை, சட்டம் விளங்காது, வீட்டில இருந்து பாக் கொண்டு வாறனான் எண்டு. அது பொய்யெண்டு, சனம் நிக்கேக்க, காஷில நிண்டு, தமிழில சொல்லுங்கோ. அடுத்த நிமிசம் நான் ஏப்ரனைக் கட்டுவன்."

"அது சும்மா அவளைச் சமாளிக்கச் சொன்ன கதை. உம்மட முகத்தைப் பாத்துச் சொன்னதே?"

"இல்லை. அதுதான் கோவம்."

 அந்தப் பக்கம் காஷ் றெஜிஸ்ரர் திறக்கும் சத்தம் கேட்டது.

"நீர் உப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லையே," என்றார் கடைசியில்.

"என்னோட நீங்கள் எப்ப கதைச்சனீங்கள்?"

பிறகு எடுப்பதாகச் சொல்லி ஃபோனை வைத்தார். எடுக்கவில்லை.

மே மாதம் குணவதி ரூஜ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாப்பாட்டுத் தட்டங்களை அறை இலக்கப்படி அடுக்குகிற வேலை. இரண்டு பஸ் ஏற வேண்டும். போகும் வழியில் பழைய கடை வரும். அவள் முகத்தைத் திருப்புவதில்லை. யன்னல் பக்கம் இருந்து, கடை கண்ணில் இருந்து மறையும்வரை நேராகப் பார்ப்பாள்.  கோபம் ஆறிவிட்டதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்கிறாள்.

சேர்ந்த மூன்றாம் கிழமை, சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு இனிப்போடு பிழையான தட்டம் போய்விட்டது. அவருடைய மகன் சமையலறை வாசலில் வந்து நின்று கத்தினான். மேற்பார்வையாளர் சுற்றிவரப் பார்த்தார். புதிதாக வந்தவள் என்பதால் அவருடைய விரல் குணவதிப் பக்கம் நீண்டது.

குணவதி கையில் இருந்த கரண்டியை வைத்தாள்.

"நோ," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நொட் மீ. செக் த பேப்பர்."

யாருக்கு எந்த மாடி என்று சுவரில் தொங்கிய தாளைப் போய்ப் பார்த்தார்கள். அந்த மாடி அன்று அவளுடையது இல்லை. மேற்பார்வையாளர், "சொறி, குணா," என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த தட்டத்தை எடுத்து, இலக்கத்தை இரண்டுமுறை வாசித்து, வண்டிலில் வைத்தாள்.