ஏழு மணி வேணாம், அஞ்சு மணி

அந்த வீட்டில் மணி என்றால் கோக்கிற மணிதான். கடிகாரத்தில் இருப்பதற்குப் பெயர் நேரம். இந்தச் சட்டம் எப்படி அமலுக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதரை வீணாக முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எந்த ஓட்டுநர் டீக்கடையில் எவ்வளவு நேரம் கரைத்தார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "மணி என்ன?" என்பது அவருக்குக் கேள்வியே அல்ல, மூச்சு. அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவள். ஒருநாள் கடையை மூடினார்கள். கடுகளவு திருகாணியைப் பிடித்துப் பழகிய விரல்களை யார் மூடுவது? சாப்பாட்டு மேசையில் பழைய துவாலை ஒன்றை விரித்தாள். துவாலையில் மணி உருளாது. அன்றைக்குக் கோக்க ஆரம்பித்தவள்தான். தோள் பக்கத்துத் துணியில் எப்போதும் ஓர் ஊசி செருகியிருக்கும். அதனால் தெருவுக்கே அவள் 'ஊசி'. குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பாள் நாத்தனார். தொலைபேசியில்தான் சொல்வாள், நேரில் சொல்ல அவளுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

"மணி என்ன?" என்பார் இவர்.

"கண்ணாடி மணி" என்பாள் அவள், தலை நிமிராமல்.

"மணி ஆயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் மணி வேணும்."

இப்படியே போனால் இருவரில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்ற நிலையில் அவர் சரணடைந்தார். அன்றிலிருந்து அவரும் நேரத்தை நேரம் என்றே சொன்னார். வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தையைப் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட தியாகி.

ஊசி முதன்முதலில் கோத்த நல்ல மாலையை நாத்தனாருக்குத்தான் கொடுத்தாள். நாத்தனார் மகளின் பள்ளிக்கூட விழாவில், முன்வரிசையில், அது அறுந்தது. மணிகள் நாற்காலிகளுக்கு அடியில் ஓடின. தலைமையாசிரியை ஒன்றை மிதித்துச் சறுக்கினார். எவ்வளவு தூரம் சறுக்கினார் என்பது நாத்தனார் சொல்லச் சொல்ல வளர்ந்து, இப்போது மேடைவரை வந்துவிட்டது. "அண்ணி கைவேலை அலமாரிக்கு அழகு. கழுத்துக்கு வேணாம்" என்று குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்டது. ஊசி, மணிக்கு மணி நடுவில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். அப்படிப் போட்டால் நூல் எங்கே அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் விழாது. வேலை மூன்று மடங்கு, கண்ணெரிச்சல் நான்கு மடங்கு.

இந்த நிலையில்தான் மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்த, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவள் படியில் இறங்கும்போது மேசையைப் பார்த்தாள். கரும்புகை நிறத்தில் பொடி மணிகள், முன்னால் ஏழு பெரிய நீல மணிகள். "அக்கா, இதை நான் போட்டுக்கட்டுமா? முதல் தடவையா ராத்திரிச் செய்தி குடுத்திருக்காங்க."

குடும்பத்துக்கு வெளியே ஒரு கழுத்து. அன்றைக்கே ஊசி கணவரிடம் சொல்லிவிட்டாள்: "இதுவும் அறுந்தா டப்பாவெல்லாம் பரணுக்குப் போயிடும். மேசைய நீங்களே வெச்சுக்கங்க. உங்க தங்கச்சிக்கும் சொல்லிடுங்க."

அவர் சொல்லிவிட்டார். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. எதைச் சொன்னாலும் அப்படியே போய்ச் சேர்த்துவிடுவார்.

செய்தி வாசிக்கும் நாளில், செய்திக்காரி போகிற வழியில் ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையிலேயே கடைசி முடிச்சில் பசை வைத்து, நாற்காலி முதுகில் மாலையைக் காயப் போட்டுவிட்டு ஊசி குளிக்கப் போனாள். அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. அவர் எடுத்தார்.

"அக்கா இல்லையா? பரவாயில்ல, நீங்களே சொல்லிடுங்க. ஏழு மணி வேணாம், அஞ்சு மணி ஆக்கிடுங்க. மறக்காம!"

நேரக் காப்பாளர் மறப்பாரா? ஈரத்தலையோடு வந்தவளிடம் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒப்பித்தார். "ஏழு மணி வேணாமாம். அஞ்சு மணி ஆக்கிடணுமாம்."

ஊசி நாற்காலி முதுகைப் பார்த்தாள். ஏழு நீல மணிகளும் அவளைப் பார்த்தன.

"நேத்து வரைக்கும் அழகா இருந்துது. இன்னிக்குக் கசக்குதா?"

"பெரிசாத் தெரியுதோ என்னவோ. டிவியில எல்லாமே குண்டாத் தெரியுமாம்."

அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒத்திகையாக இருக்கும். வேறு வழியில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள்.

முடிச்சுப் போட்ட மாலையைக் கோப்பது கஷ்டம். திருத்துவது அதைவிடக் கஷ்டம். ஏழில் இரண்டை மட்டும் உருவிவிட முடியாது. முன்பக்கத்தையே வெட்டி எடுத்து, புது நூலில் ஐந்தைக் கோத்து, இரண்டு பக்கமும் ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுகளில் வைக்கிற பசை காயவே அரைப்பொழுது ஆகும். மத்தியானச் சாப்பாட்டை அவர் அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொண்டார். மேசைப் பக்கம் தட்டோடு போகும் துணிச்சல் அவருக்கு இல்லை. நூல் இரண்டு தடவை முறுக்கிக்கொண்டது. ஒரு முடிச்சு மணியை ஒட்டி உட்காராமல் நடுவழியில் இறுகிவிட்டது. அதை ஊசி முனையால் நெகிழ்த்தி எடுப்பதற்குள் அவளுக்கு உள்ளங்கை வேர்த்து, நூல் வழுக்கியது.

"விசிறட்டுமா?" என்றார்.

"மூச்சு விடாம இருங்க, போதும்."

ஒரு பக்கம் ஒட்டியாயிற்று. மறுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது. முழு ஒப்பனையோடு செய்திக்காரி நின்றாள். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, ரெடியா? ஐயோ, ஏன் ரெண்டாக் கிடக்குது? நீல மணி ஏழு இருந்துதே!"

"நீதானேம்மா அஞ்சு மணி ஆக்கச் சொன்னே?"

"நான் வர்ற நேரத்தைச் சொன்னேங்க்கா! ராத்திரிச் செய்திக்குப் பதிலா ஏழு மணிச் செய்தியே என்னைப் படிக்கச் சொல்லிட்டாங்க!"

இரண்டு பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பணிமனையில் இத்தனை வருஷம் ஒரு வண்டியைக்கூடத் தவறவிடாத மனிதர், சுவரோடு சுவராக நின்று, "இந்த வீட்டுச் சட்டப்படி நான் சரியாத்தான் சொன்னேன்" என்றார்.

ஊசிக்குச் சண்டை போட நேரமில்லை. நேரம், மணி, இரண்டுமே இல்லை. வண்டிக்காரர் ஒலி எழுப்பினார். அவள் மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு கடைசி ஒட்டைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். நின்றது. பசை வைத்தாள், ஆனால் அது ஈரம். "குனியாதே. தும்மாதே. பசை காயல" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் மாட்டிவிட்டாள். செய்திக்காரி முட்டையைச் சுமப்பவள்போல் நடந்து வண்டியில் ஏறினாள்.

ஏழுக்கு இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எங்கோ ஓர் அரசாங்கம் கவிழ்ந்தது. எங்கோ வெள்ளம். ஊசியின் கண் கழுத்தை விட்டு அசையவில்லை. ஐந்து நீல மணிகளும் அடக்கமாக, எடுப்பாக இருந்தன. ஏழைவிட அழகோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வெள்ளச் செய்தியின் நடுவில் இடது ஓரம் ஒரு நூலளவு இறங்கியது.

"அவிழுது" என்றாள் ஊசி.

செய்திக்காரியின் கை நெஞ்சுக்கு வந்தது. மாலையை அங்கேயே அழுத்திப் பிடித்தது. கையை எடுக்காமல் வெள்ளம், விலைவாசி, விளையாட்டு, வானிலை எல்லாவற்றையும் வாசித்தாள். முடிந்ததும் தொலைபேசி அடித்தது. நாத்தனார்.

"என்னண்ணா, அந்தப் பொண்ணு மழை வருமான்னு சொல்றதுக்குக்கூட நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உருகுறா? அண்ணி மாலைதானே அது? அறுந்துடுச்சுதானே?"

"அறுந்து போகல. அவிழ்ந்துது" என்றார் அவர். "ரெண்டும் வேற."

"வேற இல்லீங்க" என்றாள் ஊசி. எழுந்துபோய் டப்பாக்களை மூட ஆரம்பித்தாள். பரணில் ஏற நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். அவர் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். ஏறுகிறவள் விழாமல் இருக்கவா, ஏறவிடாமல் தடுக்கவா என்பது அவருக்கே தெரியவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. ஒப்பனை கலையாமல் செய்திக்காரி உள்ளே வந்து, கைக்குட்டையை மேசையில் பிரித்தாள். ஒட்டு விட்டுப்போன மாலை. முடிச்சுகள் முடிச்சுகளாகவே இருந்தன.

"ஒரு மணிகூட விழல அக்கா. அது விழலன்னு தெரிஞ்சதும்தான் எனக்குக் குரலே வந்துச்சு. உணர்ச்சியோட படிச்சேன்னு எங்க ஆபீஸ் பெரியவர் பாராட்டினாரு. நாளைக்கும் எனக்கே குடுத்துட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "இதையே போட்டுக்கிட்டு வரச் சொல்றாங்க."

ஊசி நாற்காலியை விட்டு இறங்கினாள். மாலையை எடுத்து, விட்ட ஒட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு துவாலையை விரித்தாள்.

"முழுசாப் பிரிச்சு ஒரே நூல்ல கோக்கணும். பசை காயற வரைக்கும் தரமாட்டேன். வெள்ளமே வந்தாலும் சரி, உங்க செய்தி காத்துக்கிட்டு இருக்கட்டும்."