தொடாதே என்று சொன்ன பட்டன்

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. இருபது வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறேன். பதினைந்து மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து பிழைக்கிறவனுக்குப் பயம் சரிப்பட்டு வராது. ஆனால் இது நடந்தது. என் நெஞ்சின் மேலேயே நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஒரு நாள் கேபினுக்குள் எனக்குத் தலை சுற்றியது. ஒரு நிமிடம்தான். கொக்கியில் தொங்கிய கம்பிக் கட்டு லேசாக ஆடியதைக் கீழே நின்ற சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். உடனே டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் ஒரு மெஷினை மாட்டச் சொன்னார். இருபத்துநாலு மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யுமாம். நர்ஸ் என் நெஞ்சில் ஐந்து இடத்தில் முடியை மழித்து, பட்டை ஒட்டி, வயரை இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டினார். பெட்டியின் நடுவில் ஒரு பட்டன்.

"நெஞ்சுல ஏதாவது பண்ணுச்சுன்னா இதை அழுத்துங்க. பீப்னு சத்தம் வரும். குளிக்க மட்டும் கூடாது. மத்தபடி எப்பவும் போல இருங்க."

எப்பவும் போல எப்படி இருப்பது? அந்த ரிப்போர்ட்டில் ஒரு கோடு கோணலாக வந்தால் கேபின் போச்சு. இந்த வயதில் வேறு தொழிலுக்கு நான் எங்கே போவேன்?

வீட்டில் என் மச்சான் இருந்தான். என் மனைவியின் தம்பி, இருபத்தாறு வயது, பெயிண்டர். சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் பாதி அவன் தலைமுடியில்தான் இருக்கும். பக்கத்தில் வந்தாலே டர்பன்டைன் நெடி தூக்கும். ஏணியில் ஓடி ஏறுகிற பையன். அவன் நெஞ்சுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

"மச்சான், ஒரு நாளைக்கு இதை நீ மாட்டிக்கடா."

"அக்காவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவா."

"தெரிஞ்சாத்தானே."

சிரித்தான். "சரி மாமா. உங்களுக்கு இல்லாததா?"

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குளியலறையில் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, என் ரேசரால் அவன் நெஞ்சில் ஐந்து கட்டம் மழித்தேன். கூச்சத்தில் நெளிந்தான். "அசையாத மச்சான்" என்று அதட்டினேன். என் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு பட்டையாக 'சர்ர்' என்று உரித்து, அதே இடம் பார்த்து அவன் நெஞ்சில் ஒட்டினேன்.

"பாம் கட்டின மாதிரி இருக்கு மாமா. இப்படியே பேங்க்குக்குப் போனா கேக்காமலே பணத்தைக் கொடுத்திருவாங்க."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் சொன்னேன்:

"இங்க பாரு. என்ன ஆனாலும் இந்தப் பட்டனை மட்டும் தொடாத. தொட்டா எனக்குத்தான் ஆப்பு."

"தொட மாட்டேன் மாமா."

அன்று முழுக்கச் சட்டைக்குள் மெஷினோடு ஒரு ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தான். ராத்திரி அதோடு தூங்கினான். மறுநாள் காலை, அவன் அக்கா கிளம்பிய பிறகு, பட்டைகளை எனக்கு மாற்றும்போது சொன்னான்:

"ராத்திரி ஒரு மாதிரி அடைச்சுது மாமா. கண்ணு இருட்டுச்சு. விரலைப் பட்டன் மேலயே வச்சிருந்தேன். ஆனா அழுத்தலையே!"

பெருமையாகச் சொன்னான். நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறினார். "ராத்திரி மூணு பத்துக்கு உங்க இதயம் ஏழு செகண்ட் நின்னிருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகுங்க."

'அது என் இதயம் இல்லை' என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. ஏமாற்றினேன் என்று தெரிந்தால் வேலை போகும். "மெஷின் கோளாறா இருக்கும் சார், இன்னொரு தடவை பாத்திரலாம்" என்றேன். ஆபத்து என்று எச்சரித்தார். நான் அசையவில்லை. மெஷின் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்றார்கள்.

மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அடுத்த வாரம் நானே மாட்டிக்கொள்வேன். ரிப்போர்ட் வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி மச்சானை டாக்டரிடம் இழுத்துப் போவேன். ஒரு வாரம்தானே? அந்த ஒரு வாரமும் அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். "என்ன மாமா, என் மூஞ்சியையே பாக்கறீங்க?" என்று கேலி செய்தான்.

நாலாம் நாள் காலை காபியோடு அவனை எழுப்பப் போன என் மனைவி அலறினாள்.

தூக்கத்திலேயே போயிருந்தான். ராத்திரி மூன்று மணி வாக்கில் இருக்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைக் கழற்றியபோது, நெஞ்சில் ஐந்து கட்டங்கள். முள் முள்ளாக முடி முளைத்திருந்தது.

"இது என்னங்க? யாரு இப்படிப் பண்ணது?" என்று மனைவி எல்லாரிடமும் கேட்டாள். என்னிடமும் கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் மெஷின் வந்தது. இந்த முறை நானே மாட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரி மனைவி பக்கத்தில் படுக்க எனக்கு முகம் இல்லை. ஹாலில் பாய் போட்டேன். எதிரே மச்சானின் அறை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பெயிண்ட் டப்பாக்களை எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அறையைக் கழுவியும் விட்டோம்.

மணி 1.50. டர்பன்டைன் நெடி...

கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். நெடி கூடியது. யாரோ பக்கத்தில் வந்து குனிந்ததுபோல் இருந்தது.

மணி 2.40. 'டக்'. தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

எழ முயன்றேன். கை கால் ஒன்றும் என் பேச்சைக் கேட்கவில்லை.

மணி 3.05. நெஞ்சில் ஒரு பட்டையின் ஓரம் மெதுவாகத் தூக்கியது.

சர்ர்...

இன்னொன்று. சர்ர்...

ஐந்தும்.

காதருகே, அதட்டாமல், பிரியமாக ஒரு குரல்.

"அசையாதீங்க மாமா."

பிறகு ஒன்றுமில்லை. நெடி விலகியது. சுவர்க் கடிகாரத்தில் 3.10.

பீப்.

அவன் அறையிலிருந்து வந்தது.

பீப்... பீப்...

இடுப்பைத் தடவினேன். பெட்டி இல்லை.

பீப். பீப். பீப்.

இப்போது உடம்பு அசைந்தது. கை வந்தது. கால் வந்தது. எழுந்து போயிருக்கலாம். நாலு எட்டுதான்.

போகவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

பீப்...

பீப்...

நின்றுவிட்டது.

காலை ஆறு மணிக்கு மனைவி எழுப்பினாள். பெட்டி இடுப்பில் இருந்தது. ஐந்து பட்டையும் நெஞ்சில் இருந்தன. எதிர் அறையில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்று அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸ் பட்டைகளை உரித்தார். என் நெஞ்சு முடி பாதிக்கு மேல் நரை. பட்டைகளின் பசையில் ஒட்டியிருந்தவை கருகருவென்று, முள் முள்ளாக இருந்தன.

சட்டைப் பொத்தானைக்கூடப் போடவில்லை. அதற்குள் டாக்டர் கூப்பிட்டார்.

"உங்க இதயம் அருமையா இருக்கு. ஒரு குறையும் இல்ல. அன்னைக்குத் தலை சுத்துனது வெயிலாலதான் இருக்கும். தாராளமா வேலைக்குப் போகலாம்."

ஆக, என் நெஞ்சில் முதலிலிருந்தே ஒன்றும் இல்லை. நானே மாட்டியிருந்தால் போதும். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்காவது ஒண்ணும் இல்லையே" என்றாள்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "மெஷின்தான் சரியில்லை. பாருங்க, மூணு அஞ்சுல இருந்து துடிப்பே வேற மாதிரி வருது. போன தடவை வந்ததே அச்சு அசலா இதுதான். மூணு பத்துக்கு நிக்குது. நாலு நிமிஷம் வெறும் நேர்கோடு. அப்புறம் மறுபடி உங்க துடிப்பு."

அந்த நேர்கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"இதுல கூத்து என்னன்னா, கோடு நேரா ஆன பிறகுதான் பட்டனை அழுத்தியிருக்கு. பத்தொன்பது தடவை! இதயம் நின்ன ஆளு எப்படிங்க பட்டனை அழுத்துவாரு?"

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. திறந்திருந்த என் சட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல விலகியது.

"போன தடவை இதைப் போட்டிருந்தது அவனா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்போ ஏங்க அவன் அழுத்தல?"

அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"தொடாதன்னு நான்தான் சொன்னேன்."