பரிசலுக்குப் பின்னால் நீந்திய குதிரை

2006 ஜனவரி. அரையாண்டு விடுமுறை முடிந்து, அக்கா மகன் கதிரைச் சின்னமனூரில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. வைகை அணையின் தென்கரையிலுள்ள எங்கள் ஊரிலிருந்து அக்கரைக்குத் தண்ணீரைச் சுற்றிப் போனால் பதினான்கு கிலோமீட்டர்; பரிசலில் இரண்டே கிலோமீட்டர், தலைக்குப் பத்து ரூபாய். அக்கரையில் பத்து மணிக்குப் பேருந்து. பயணம் இவ்வளவுதான். குதிரையால் வந்தது வினை.

யாரோ அணைக்கரையில் விட்டுப்போன குட்டி, வளர்ந்து காட்டுக்குதிரை ஆகிவிட்டது. என் முழங்கை உட்பட ஊரில் அது கடிக்காத கையில்லை. பன்னிரண்டு வயதுக் கதிரை மட்டும் கடிக்காது. பத்து நாளாக என் தோட்டத்துக் கடலைக்கொடியை அள்ளிக் கொடுத்துச் சிநேகம் பிடித்திருந்தான். அதனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான்.

"குதிரைகிட்ட என்னடா சொல்றது? கொடியப் போட்டுட்டுச் சத்தமில்லாம வா" என்று இழுத்து வந்தேன். அந்த யோசனை என்னுடையதுதான்.

காலை 9.10. பரிசல் கிளம்பியது. கால் மணி நேரம் போயிருக்கும். துடுப்புப் போட்ட பெருமாள் அண்ணன், "தம்பி, ஒங்க குதிர தண்ணிக்குள்ள எறங்கி வருது" என்றார்.

"எங் குதிர இல்லண்ணே. திரும்பிப் போயிரும்."

போகவில்லை. நடு அணையில் மூக்கு மட்டும் வெளியே தெரிய, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது. கதிர் எழுந்தான். பரிசல் சாய்ந்தது.

"ஏலே, ஒக்காரு. கவுந்துரும்" என்றார் பெருமாள் அண்ணன்.

"மாமா, அது முங்குது மாமா."

அண்ணன் முனகிக்கொண்டே பரிசலைத் திருப்பினார். கதிர் விளிம்பில் குப்புறப் படுத்து, அதன் தாடையை இரு கைகளிலும் தாங்கினான். நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். குதிரையின் பல் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். கடிக்க அதற்குத் தெம்பில்லை. செத்துவிடுமோ என்று பயந்தேன். ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்கலாமே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

10.20. அக்கரை. பேருந்து போய்விட்டது. குதிரை உடம்பை உதறி மூவரையும் குளிப்பாட்டியது.

"மறுபடி நீந்துனா தாங்காது. நடத்தித்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றார் அண்ணன்.

கயிறு கிடையாது. கதிர் முன்னால், அது அவன் பின்னால், பையைச் சுமந்துகொண்டு கடைசியாக நான். பதினான்கு கிலோமீட்டரும் நடந்தே ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலை 7.00. இம்முறை சாலை வழி. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கதிர் குதிரையின் காதோரம் சொன்னான்:

"முழுப்பரீட்ச முடிஞ்சதும் வந்துருவேன். நீ இங்கனயே இரு. மாமா கொடி போடுவாக."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேருந்து கிளம்பியது. குதிரை அசையவில்லை.

அவனைச் சின்னமனூரில் விட்டுவிட்டு மாலை 5.30க்குத் தனியாக வந்து இறங்கினேன். குதிரை அதே இடத்தில் நின்றது. பேருந்துப் படியையே பார்த்தது. வேறு யாரும் இறங்கவில்லை.

"மே மாசம் வருவான்" என்று நானும் சொன்னேன்.

வீட்டை நோக்கி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. கடித்தால் கடிக்கட்டும் என்று திரும்பிப் பார்க்காமலே நடந்தேன்.