ஐந்தாவது பந்து

இது கதை இல்லை. நடந்தது. என் வீட்டுக்காரர் பழைய விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். கதை விடத் தெரியாத மனுஷன். சமையலில் உப்பு கூடிப்போனால்கூட மூன்று நாள் கழித்துத்தான் வாயைத் திறப்பார். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பஸ் நேரம் வாசிப்பது போல ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவரைக் கூப்பிட்டது ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். அவர் வீட்டு மாடி அறையில் ஒரு பின்பால் மெஷின் இருந்தது. சாய்வான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புப் பந்து, அதைத் தட்டிவிட இரண்டு சின்ன மட்டைகள். சிப், கிப் எதுவும் வராத காலத்துச் சரக்கு. உள்ளே மோட்டாரும் கம்பிச் சுருளும் சுவிட்சும்தான். ஸ்கோர் காட்ட எண் போட்ட சக்கரங்கள். கரண்ட் போனாலும் அவை நின்ற இடத்திலேயே நிற்கும்.

"ரீசெட் ஆகலை தம்பி. ஸ்டார்ட்டை அமுக்கினா அசையவே மாட்டேங்குது. எப்படியாவது சைபருக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார் தபால்காரர்.

ஒன்பது மாதத்துக்கு முன், அவருடைய ஒரே மகள் அதில் ஆடிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு நின்று விழுந்துவிட்டாள். இருபத்தாறு வயது. அன்றைய ஸ்கோர் 4,730 இன்னும் அப்படியே நிற்கிறது. மறுநாளிலிருந்து அவர் மனைவி மாடி ஏறுவதில்லை. படிக்கட்டைப் பார்க்க நாற்காலியைப் போட்டு இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறார். கண் மூடுவதே இல்லை. இப்படியே விட்டால் இவளும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று தபால்காரருக்குப் பயம். அந்த எண் அழிந்தால் மனைவியின் மனசு ஆறும் என்று நினைத்தார், பாவம்.

என் வீட்டுக்காரர் படியேறியபோது அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கருவிப் பெட்டியைத்தான் பார்த்தார்.

மணி 2.20. பட்டப்பகல். ப்ளக்கைச் செருகினார். விளக்குகள் எரிந்தன. 'ஐந்தாவது பந்து' என்ற விளக்கும் எரிந்தது. அதுதான் கடைசிப் பந்து. ஸ்டார்ட்டை அமுக்கினார். சத்தமே இல்லை.

பந்து கீழே குழியில் விழுந்து கிடந்தது. மெஷினுக்கு மட்டும் அது தெரியவில்லை. பந்து இன்னும் ஓடுகிறது, ஆட்டம் முடியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தது. முடிந்தால்தானே அடுத்தது தொடங்கும்? குழிக்கு அடியில் இருக்கும் சுவிட்சில்தான் கோளாறு. மெஷின் காதில் யாரோ பூ சுற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

ப்ளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பலகையை நிமிர்த்தி, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார்.

மணி 2.35. தலைக்கு மேல் ஏதோ உருண்டது. கடகடவென்று... பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பந்து இருந்தது. சுட்டது.

டிங்.

வெளியே வந்து பார்த்தார். ப்ளக் தரையில் கிடந்தது. ஸ்கோர் 4,740.

"என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"டார்ச்சை இந்தக் கைக்கு மாத்தினேன்" என்றார்.

சுவிட்சின் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டு. தபால் உறை ஓரத்தை வெட்டி, இரண்டாக மடித்து, கச்சிதமாகச் செருகியிருந்தது. 2.48-க்கு உருவினார்.

டிங்... டிங்...

பந்தைக் குழியில் போட்டார். ப்ளக்கைச் செருகினார். டபக். 'ஆட்டம் முடிந்தது' விளக்கு எரிந்தது. ஸ்டார்ட். மோட்டார் கரகரவென்று சுற்றியது. சக்கரங்கள் ஒவ்வொன்றாய்... சைபர். சைபர். சைபர். சைபர்.

மணி 2.55.

தபால்காரர் அறை வாசலில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார். இவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அது நான் வெச்சது."

"ஏம்மா?"

"என் பொண்ணு அதை ரிப்பேர் பண்றப்ப டார்ச் பிடிச்சவ நான். எங்க வெச்சா ஆட்டம் முடியாதுன்னு தெரியும்." குரலில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. "அன்னிக்குக் கீழ வாடின்னு கூப்பிட்டேன். முடிச்சிட்டு வர்றேம்மான்னா. அவளை எடுத்துட்டுப் போன ராத்திரியும் மேல ஆடற சத்தம் கேட்டுது. அப்பவே ஏறிப்போய் வெச்சேன்."

அவ்வளவுதான். சுவரோரமாக ஒதுங்கி இவருக்கு வழிவிட்டார்.

இவர் கடந்துபோன பிறகும்... ஒதுங்கியே நின்றார்.

அன்று சொன்னதோடு சரி, எட்டு நாள் இவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான்தான் நச்சரித்துப் போன் பண்ண வைத்தேன். பக்கத்திலேயே நின்று கேட்டேன். தபால்காரர் ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"அம்மா இப்ப தூங்கறாங்களா ஐயா?"

"அவ மாடிக்குப் போயிட்டா தம்பி. உள்ள தாழ் போட்டுக்கிட்டா. ரெண்டு நாளா இறங்கலை."

போனில் ஒரு பெண் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கிட்டத்தில், சாதாரணமாக, யாரோ எதையோ கேட்பது போல.

"அப்ப கீழ யாருங்க?"

தபால்காரர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"மக வந்துட்டா தம்பி... பக்கத்துலதான் நிக்கிறா."