இன்ஜின் சூடாகும் வரை

பரங்கிப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது. என் கார் ஹைபிரிட். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். சத்தமே இருக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். இரவெல்லாம் மழையில் நனைந்து குளிர்ந்து கிடந்ததில், நிற்கும்போதுகூட இன்ஜின் இரைந்துகொண்டிருக்கிறது.

பின்சீட்டில் ஒரு அம்மா. ஆட்டோ கிடைக்காமல் என் காரை மறித்து ஏறியவர். அவர் மடியில் கணவரின் தலை. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"ஏன் தம்பி வண்டி இப்டி கத்துது? அவுங்க மூச்சு வுடுறதே கேக்கல."

"சூடாவுற வரைக்கும் அப்படித்தாம்மா. அப்புறம் தானா அடங்கிடும்."

அவர் துவா ஓதியபடி கணவரின் உள்ளங்கையைத் தேய்க்கிறார். நான் ஹாரன் அடிக்கிறேன். கேட்கீப்பர் கையை விரிக்கிறார்.

சட்டென்று இன்ஜின் அடங்குகிறது. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா குனிந்து கணவரின் மூக்கருகே காதை வைக்கிறார். வெகுநேரம் நிமிரவில்லை.

ரயில் கடந்து, கேட் திறக்கிறது. கார் பேட்டரியில் ஓசையில்லாமல் நகர்கிறது.

"தம்பி, முன்ன கத்துச்சே, அதே மாதிரி கத்த வைங்க தம்பி," என்கிறார்.