போட்டோவுக்கு வளைந்த வில்

கோவளத்தில் என் மகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தவருக்கு முறுக்கு மீசை, கழுத்தில் உருத்திராட்சம். எந்த வில்லைக் கையில் எடுத்தாலும் முதலில் செல்ஃபி எடுப்பார்.

போட்டிக்கு முந்தின நாள், அவளுடைய மூங்கில் வில்லில் குட்டையான நாணை மாட்டினார். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே, கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு முட்டி அளவு இடைவெளி போதும். இதில் இரண்டு முட்டி நுழைந்தது.

“நீளமான நாண் போடுங்க மாஸ்டர், ஒடிஞ்சிடும்” என்றேன்.

“இன்னா அண்ணாத்த, வில்லுன்னா பிறை கணக்கா வளைஞ்சி நிக்கணும். அப்பத்தான் போட்டோல சோக்கா கீது.”

மகள் இழுத்தாள். வில் படீரென்று ஒடிந்தது. அவள் அழுதாள்.

“கண்ணு பட்டுடுச்சி” என்று துண்டுகளுக்குச் சூடம் சுற்றினார்.

மறுநாள் அவள் வெறுங்கையோடு வேடிக்கை பார்க்கத்தான் போனாள். அங்கே எல்லாப் பிள்ளைகளின் வில்லையும் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் இவர்தான். எவன் இவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.