இரண்டு முறை வேண்டாம் என்பவர்

"ஐயோ வேணாங்க, இப்பதான் குடிச்சிட்டு வரேன்" என்கிறார் டெர்வ்லா ஹெனகன். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுத் தேநீர்கூடக் குடிக்கவில்லை என்பது கூடவே வந்த எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் மறுபடி கேட்பார். இவர் மறுபடி மறுப்பார். மூன்றாவது முறை "சரி, உங்களுக்காக அரைக் கோப்பை" என்று சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடிப்பார். அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். டெர்வ்லாவுக்கு மட்டும் இது தொழிலும்கூட. அந்த இரண்டு மறுப்புகளுக்குள் அந்த வீட்டில் யாருக்கு யார்மேல் கோபம் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அந்த அம்மாள் ஒரு பதிப்பாளர். மாட்டுத்தீவனக் கடையின் மாடியில் இரண்டு அறைகள், முப்பது வருடங்கள், அயர்லாந்துக்காரர்களின் கதைகள், அவ்வளவுதான் அவர் பதிப்பகம். அட்டை வரைவது நான். அவருக்குக் கார் ஓட்ட வராது என்பதால் சாரதியும் நானே. முதல் பக்கத்தில் மூடுபனி வந்தால் அந்தக் கையெழுத்துப் பிரதியை அங்கேயே மூடிவிடுவார். "பனி, ஆட்டுக்குட்டி, அழற அம்மா. இத அமெரிக்காக்காரனுக்கு வித்துக்கோப்பா, நான் இங்கயே நனைஞ்சிட்டுதான் இருக்கேன்" என்று எழுதியவரிடமே சொல்வார். அவர் கண்டெடுத்தவர்கள் பரிசு வாங்கியதும் டப்ளின் பதிப்பகங்கள் கொத்திக்கொண்டு போய்விடும். எனக்குத்தான் வயிறு எரியும். அவர், "போகட்டும், முதல் புத்தகம் என்னோடதுதானே" என்பார்.

அவரிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. கதையில் வருபவர் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றால், அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளின் வீட்டுக்கே போய் அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டுவார். அந்த ஆள் வேண்டாம் என்றால் புத்தகம் இல்லை. ஆரம்ப காலத்தில் அப்படிக் கேட்காமல் போட்ட ஒரு கதையால், அதில் வந்த பெண்மணி எங்கள் தேவாலயத்துக்கு வருவதை நிறுத்தி, பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போக ஆரம்பித்தார். இன்றும் அங்கேதான் போகிறார். உலகத்தில் வேறு எந்தப் பதிப்பாளர் கதாபாத்திரத்திடம் போய் அனுமதி கேட்கிறார் என்று நான் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஃபெஸ்டி கானன் வீட்டுக்குப் போனோம். ஈமர் லோஃப்டஸ் என்ற இளம்பெண் எழுதிய நாவல். டெர்வ்லா கைக்கு வந்ததிலேயே சிறந்தது அதுதான். அதில் நிலத்தகராறில் அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் பேசுவதில்லை. தம்பியின் சவப்பெட்டி வீட்டைக் கடந்து போகும்போது அண்ணன் கொட்டகைக் கூரைமேல் உட்கார்ந்து தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான், இறங்கி வரவில்லை. ஃபெஸ்டி தன் தம்பியின் சவ ஊர்வலத்தன்று அதைச் செய்ததை ஊரே பார்த்தது.

"அவர் வேணாம்னு சொன்னா?" என்றேன் காரில்.

"போட மாட்டேன்."

"டப்ளின்காரன் போடுவான்."

"போடட்டும். நான் நாளைக்கும் இந்த ஊர்லதான் ரொட்டி வாங்கணும். உள்ள வந்து நீ வாயத் தொறக்காத, மார்ட்டின்." மடியில் இருந்த காகிதக் கட்டிலிருந்து படிக்க வேண்டிய பக்கங்களை எடுத்து மேலே வைத்தார்.

ஃபெஸ்டி கதவைத் திறந்தார். "ஜோ ஹெனகனோட மகதானே நீ" என்றார். நாற்காலியைக் காட்டினார். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வரி கேட்க வந்தவனுக்குக்கூடத் தேநீர் உண்டு. எனக்குப் பயமாகவே இருந்தது.

டெர்வ்லா படித்தார். சவ ஊர்வலம் வரும் இடத்திலும் ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. கூரைமேல் இருக்கும் அண்ணன் சுத்தியலை ஓங்கி ஓங்கி அடிக்கிறான். ஆணியே இல்லை, வெறும் தகரத்தில் அடிக்கிறான். அங்கே நிறுத்தினார்.

ஃபெஸ்டி ஜன்னலுக்கு வெளியே கொட்டகையைப் பார்த்தார்.

"ஆணி இல்லேன்னு அவளுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல, ஃபெஸ்டி. அப்ப அவ ஸ்கூல் படிக்கிற பிள்ளை. ஊர்வலத்துல நடந்து வந்திருக்கா. ஆணியில அடிச்சா வேற சத்தம், வெறும் தகரத்துல அடிச்சா வேற சத்தம்னு சொல்றா."

"அத்தனை பேர் நடந்து போனாங்க" என்றார் அவர். "ஒருத்தருக்கும் கேக்கல."

டெர்வ்லா காகிதங்களை அடுக்கி மேசைமேல் வைத்தார். "நீங்க வேணாம்னா இது அச்சுக்குப் போகாது."

"என்னைக் கல்நெஞ்சன்னு எழுதிருக்காளா?"

"ஊர் அப்படிச் சொல்லுதுன்னு எழுதிருக்கா."

"அது இருக்கட்டும், உண்மைதான. அந்த ஆணி விஷயத்த மட்டும் எடுத்துடாத."

எழுந்து கெண்டியை இறக்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "டீ குடிக்கிறியா?" என்றார்.

டெர்வ்லா வேண்டாம் என்று சொல்வதற்காக நான் காத்திருந்தேன். அவர் நாவலை மேசையிலிருந்து எடுத்துத் தன் காலடியில் வைத்துவிட்டு, "குடிக்கிறேன்" என்று மேசையில் இருந்த ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார்.